வெட்டிய இடத்தின் அளவு

புறக்கோட்டையிலிருந்து ஜுனைதீன் அதை
இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி
இரவு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார்.
ஏழாயிரத்து ஐந்நூறு.
பாதி இப்போது, மீதி தைப்பொங்கல் கழிய.
கடை பூட்டிய பிறகுதான் பிரித்தேன்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடி விற்பவன்.
டொக்யார்ட் வீதியில் பாதிப் பேரின் கிட்டப்பார்வை
இலக்கமாய் என் லாச்சிக்குள் கிடக்கிறது.
இரவில் பத்து மடங்கு லென்ஸ், ஒரு இடுக்கி,
மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு
யாரோ யாருக்கோ எழுதிய விலாசங்கள்.

இந்த உறை நாற்பத்துமூன்று, பங்குனி.
அனுப்பியவன் கடற்படைக்காரன். எழுத்து இடப்பக்கம் சாய்கிறது.
பெறுபவர் மிஸ் ஐவி ப்ளேக், ஹல் நகரம்.
கல்லறைக்கல் வடிவில் ஒரு சிவப்புச் சீல்,
அதற்குள் ஒரு முடி.
பக்கத்தில் தணிக்கை அதிகாரியின் கையொப்பம்
நசுங்கின புழு மாதிரி.

உள்ளே கடிதமும் இருந்தது.
உறைக்குத்தான் விலை. கடிதத்துக்கு
ஜுனைதீன் காசு எடுப்பதில்லை.

இங்கே வெக்கை, என்கிறான்.
நாங்கள் இப்போது இருப்பது, என்கிறான்.
அடுத்த சொல் இல்லை.
சவர அலகால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.
ஒடுங்கின நீள்சதுரம். அதற்குள்ளால்
என் மேசையின் பச்சை றெக்சின் தெரிகிறது.
அளந்து பார்த்தேன், முப்பத்தொரு மில்லிமீற்றர்.
அவன் கையெழுத்தில்
என் ஊர் அவ்வளவு நீளம்.

அதற்குக் கீழே, மான்கள் வந்து பாண் கேட்கின்றன,
கொடுக்காவிட்டால் பேப்பரைத் தின்கின்றன.
மான்களை விட்டுவிட்டார்கள்.
இன்றைக்கும் பஸ் நிலையத்தில்
சோற்றுப் பார்சல் சுற்றின தாளுக்கு நிற்கின்றன,
அதே பசி.

இனி முத்திரை.
ஒரு ரூபாய். ஆறாம் ஜோர்ஜ் ஓரமாய் ஒதுங்கி நிற்க
மிச்சம் முழுக்க எங்கள் குடா,
எங்கள் கரை, எங்கள் தண்ணீர்
கோடு கோடாய்ச் செதுக்கி அச்சிட்டது.
சொல்லை வெட்டின கை
படத்தை ஒட்டினபடியே கடல் தாண்ட விட்டிருக்கிறது.
தனியே சிரித்தேன்.
என்னப்பா, என்றாள் மனைவி உள்ளேயிருந்து.
ஒண்டுமில்லை.

அல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு
நான் இன்னும் தலைப்பு எழுதவில்லை.
தொண்ணூறு, ஆனி.
இதிலும் ஒரு ரூபாய்தான்.
பெறுபவர் ச. நகுலேசன், முள்ளியவளை.
அனுப்பியவன் நான்.
சேவை இல்லை, அனுப்பியவருக்கே,
என்று சிங்களத்திலும் இங்கிலீசிலும் ஊதாச் சீல்.
தமிழில் மட்டும் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.
அது திரும்பி வந்தபோது
நானும் என் விலாசத்தில் இல்லை.
முகாமில் வரிசையில் நின்று வாங்கினேன்.

திறக்கவில்லை. எழுதினது தெரியும்தானே.
என் சைக்கிள் பம்பை எப்போது தருவாய்.
இங்கே நல்ல மழை. மாமா நனைந்துவிட்டார்,
இனிக் காய்ச்சல் வராது அவருக்கு.
ஆனியில் திருகோணமலையில் மழை ஏது?
அவனுக்கு விளங்கியிருக்கும்.
அலகுக்கு அதில் வேலையே இல்லை.
பேனா மூடியைக் கழற்ற முன்னமே
வெட்டவேண்டியதை நான் வெட்டி முடித்திருந்தேன்.

போன வருசம் ஜுனைதீன் நேரில் வந்தபோது
அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டேன். என் பிழைதான்.
லென்ஸ் வைக்காமலே சொன்னார்,
பிரிக்காதது, சீல் சுத்தம்,
அந்த மாதத்தில் இதோடு மூன்றுதான் கண்டிருக்கிறேன்.
பிறகு அல்பத்தை மெதுவாக மூடி
அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:
என்ன எதிர்பார்க்கிறீங்க?

பம்ப், என்றேன்.

வீதியில் லொறி போன சத்தம்.
தொகை என்று நினைத்திருக்கவேண்டும்.
பேனாவைத் திறந்துகொண்டு
திரும்பச் சொல்லச் சொன்னார்.